இன்னொரு இருநூறு

டிக். டிக். டிக். மறுபடியும் இடது பொத்தான்தான்.

நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்தபடி அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். இது தலை பெருத்தது. இது கழுத்து ஒடிந்தது. இதற்கு வால் இரண்டு, யார் கேட்டார்கள் இரண்டு வால்? தள்ளு.

விந்தணுக்களின் வடிவம் பார்ப்பது அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை. நல்ல வடிவம் என்றால் எண்ணும் கருவியில் வலது பொத்தான், கோணல் என்றால் இடது. இருநூறு எண்ணிச் சதவீதம் போட வேண்டும். நூற்றுக்கு நாலு தேறினாலே பாஸ்.

இந்தக் கண்ணாடித் தகடு ஏழு மாதத்துக்கு முந்தையது. பெயர் கிடையாது, எண் மட்டும். அன்றைக்கு இருநூறும் எண்ணி, அவளே தன் கையால் எழுதிய முடிவு: பூஜ்யம்.

இப்போது அந்த ஆளின் மனைவி முழுகாமல் இருக்கிறாள். மூன்றாம் மாதம். மருந்தில்லை, ஊசியில்லை, தானாகவே!

புருஷன்காரனுக்குத் தலைகால் புரியவில்லையாம். பார்க்கிறவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுக்கிறானாம். அவன் அம்மாவுக்கு மட்டும் அந்தப் பூஜ்யம் தொண்டையில் முள்ளாய்ச் சிக்கிக்கொண்டது. ஒன்பது நாளாக மருமகள் ஃபோன் பண்ணினால் எடுப்பதில்லை. யார் பிள்ளை என்று வாய்விட்டுக் கேட்கவும் இல்லை. கேட்டுவிட்டால் அந்தக் குடும்பம் என்ன ஆகும்?

அதனால்தான் இன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல், தகட்டின் மறுபாதியில் இன்னொரு இருநூறு எண்ண உட்கார்ந்துவிட்டாள். ஒன்று போதும். சொத்தையில்லாத ஒன்று.

ரத்தப் பரிசோதனைக்காரி கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். அவளுக்கு இந்தக் கதை காலையிலேயே தெரியும்.

“பூஜ்யம் வந்தாலும் பிள்ளை பிறக்கும், வடிவத்தை மட்டும் வச்சு முடிவு கட்டாதீங்கன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் நீங்கதானேக்கா வாய் வலிக்கச் சொல்றீங்க? அதையே அந்த மாமியார்கிட்டயும் சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லாமலா இருப்பேன்? மண்டையில ஏறணுமே! அவ கண்ணால பார்த்தாத்தான் நம்புவா.”

டிக். டிக்.

அறுபத்து மூன்றாவது வந்தபோது நெஞ்சு திக்கென்றது. கிட்டத்தட்ட சரி! விரல் தானாக வலது பொத்தானுக்குப் போய்விட்டது. போன விரலை நிறுத்தி, அளவு வைத்துப் பார்த்தாள். தலை ஒரு மயிரிழை ஒல்லி.

சந்தேகம் வந்தால் தள்ளு என்பதுதான் இந்த வேலையின் சட்டம். ‘பெத்த பிள்ளையா இருந்தாலும் பாவம் பார்க்க மாட்டாங்க’ என்று அவளை இங்கே எல்லாரும் கிண்டல் செய்வது சும்மாவா? பல்லைக் கடித்துக்கொண்டு இடது பொத்தானை அழுத்தினாள்.

நூறு தாண்டியது. கழுத்து இறுகியது. நூற்று ஐம்பதில் கண்ணில் நீர் கோத்தது. லென்சில் இன்னொரு சொட்டு எண்ணெய் விட்டுத் தகட்டை ஒரு முடியளவு நகர்த்தினாள்.

நூற்று எழுபத்தொன்று.

ஐயோ!

வழவழவென்று முட்டை வடிவத் தலை. அதில் பாதியை மூடிய குல்லா, வைத்தது வைத்தபடி. கழுத்து நேர். வால் எங்கேயும் மடங்காமல் நீளமாய், ஒற்றையாய். அளவு வைத்தாள். சரி. மறுபடியும் வைத்தாள். அப்போதும் சரி!

டிக் என்றது வலது பொத்தான். இந்தத் தகட்டுக்கு அது வாயைத் திறந்தது இதுதான் முதல் தடவை.

“ஏய், ஓடி வாடி! கிடைச்சுட்டான்டி, கிடைச்சுட்டான்!”

நாற்காலி பின்னால் உருண்டுபோய் அலமாரியில் இடித்தது. ரத்தப் பரிசோதனைக்காரி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடியும் குனிந்தாள்.

“ராஜா மாதிரில்ல இருக்கான்!” என்றாள். பிறகு, அவள் வாய் சும்மா இருக்குமா? “ஆனா ஒண்ணுக்கா. இவன் ஒருத்தன் இல்லேன்னாலும் அந்தப் பொண்ணு அதே பொண்ணுதானே?”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

“அந்த மாமியாரை நாலு சாத்து சாத்தணும்டி” என்றாள்.

மீதி இருபத்தொன்பதை எண்ணாமல் எழுந்தாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு தகட்டைக்கூட அவள் பாதியில் விட்டதில்லை. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, ஃபோனை எடுத்துக்கொண்டு நடைக்கு ஓடினாள். எண்ணை அழுத்தினாள். கிடைத்துவிட்டது, நூற்று எழுபத்தொன்றில் கிடைத்துவிட்டது என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

மறுமுனையில் ஒரு மணிகூட முழுசாய் அடிக்கவில்லை.

“அத்தை! நீங்களா? ஒன்பது நாளா ஃபோனையே எடுக்கலையே, உடம்புக்கு ஏதாவதோன்னு நாங்க ரெண்டு பேரும் பயந்தே போயிட்டோம் அத்தை!”

சொல்ல வந்த எண் நாக்கிலேயே நின்றுவிட்டது.

“சாப்பிட்டியா கண்ணு?” என்று கேட்டாள்.