பானையில் வைத்த காது

வீட்டில் முளைகட்டிய கேழ்வரகு மாவை ஊறவைத்தால் அது கூழ். அதில் குமிழி கிளம்பிவிட்டால் பீர், பானையை உடைத்தே ஆகவேண்டும் என்றது சட்டம். முனிரத்தினம்மா வீட்டுக்குச் சோதனைக்கு வந்த மதுவிலக்கு ஆய்வாளர் நல்லசிவம், ஈரத்துணி சுற்றிய பானையின் வயிற்றில் காதை வைத்தார். உள்ளே, தூங்கும் பிள்ளை சப்புக்கொட்டுவதுபோல் ஒரு சத்தம். குமிழிதான், சந்தேகமே இல்லை. இருபது வருடத்தில் எத்தனையோ பானைகளை உடைத்திருக்கிறார். ஒன்றுக்கும் காது கொடுத்ததில்லை.

“எத்தனை நாளாச்சும்மா?”

“மூணு நாளுங்கய்யா,” என்றாள் முனிரத்தினம்மா. பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. “வெயில் படாம, அனல் படாம பாத்துக்கிட்டேன்.”

“உடைச்சிரட்டுமா சார்?” கான்ஸ்டபிள் தடியை ஓங்கினார்.

நல்லசிவம் காதை எடுக்காமலே உதட்டில் விரல் வைத்தார்.

“சத்தம் போடாதய்யா. கூழுதான்.”