மேலாளர் அவர்கள்

மரியாதை இல்லாமல் எழுதிய கடிதத்தை நீங்கள் படிப்பீர்களா? மேலாளர் படிக்கமாட்டார். இரண்டாவது வரிக்கே போகமாட்டார்.

அன்று காலையும் அப்படித்தான். கணக்குப் பிரிவுக்காரர் காய்ச்சல் என்று லீவு கேட்டு மெயில் போட்டிருந்தார். மேலாளர் அறைக் கதவைத் திறந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"என்னய்யா இது, 'மேலாளருக்கு வணக்கம்'? நான் என்ன உன்கூட கோலி வெளையாடினவனா?"

"காய்ச்சல் சார். தலை சுத்துது."

"'மேலாளர் அவர்கள்'னு முதல்ல வரட்டும். காய்ச்சல் பின்னால வரட்டும்."

அறைக்குள் உட்கார்ந்திருந்த விற்பனைப் பெண் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டாள். இணையத்தில் வேண்டாததை வடிகட்டும் மென்பொருள் விற்பவள் அவள். மேலாளர்தான் உடனே வரச் சொல்லியிருந்தார்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. எல்லாக் கிளைகளையும் கட்டி மேய்க்கும் பெரிய பதவி ஒன்று காலியாகியிருந்தது. ஒழுக்கமான கிளை எதுவோ அதன் மேலாளருக்குத்தான் அது என்று முதலாளி சொல்லிவிட்டார். முதலாளி போனில் பேசுகிற ஆள் இல்லை, எல்லாம் எழுத்தில்தான். அவர் மெயில் இன்று வரும், சம்மதத்தையும் இன்றே எழுதிவிட வேண்டும், தவறினால் பதவி அடுத்தவருக்கு. மேலாளர் பதிலைக்கூட முன்னாலேயே தட்டி வைத்துவிட்டார். அனுப்புவதுதான் பாக்கி.

"மூணு வகை இருக்கு சார்," என்றாள் அவள். "முதல் வகை, நீங்க சொல்ற சைட்டை மட்டும் தடுக்கும். ரெண்டாவது, சினிமா, சூதாட்டம்னு இனம் பிரிச்சுத் தடுக்கும். மூணாவது, நீங்க குடுக்கற வார்த்தை எங்க வந்தாலும் தடுக்கும். மெயிலையும் விடாது. ஆனா உங்க ஆபீஸுக்கு ரெண்டாவதே தாராளம்…"

"மூணாவதைப் போடும்மா. அரைக்கிணறு தாண்டற வேலையே நமக்கு ஆகாது."

அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். சூது. சீட்டு. பந்தயம். சாராயம். பிராந்தி.

"அவ்வளவுதானே சார்?"

மேலாளர் கண்ணை மூடி யோசித்தார். "கள்! அதை விட்டுட்டோம் பாத்தியா. பிராந்தி குடிக்கறவன் மட்டும்தான் குடிகாரனா?"

"போட்டுட்டேன் சார். தனி வார்த்தையா வந்தா மட்டும் தடுக்கணுமா, இல்ல வேற வார்த்தைக்குள்ள இருந்தாலுமா?"

"ஒளிஞ்சிருக்கறவன்தாம்மா திருடன். உள்ள பூந்து பிடிக்கச் சொல்லு."

"சரி சார். பிடிச்சதெல்லாம் தனிப் பெட்டிக்குப் போயிடும். அப்பப்ப தெறந்து ஒரு பார்வை பாத்துக்கோங்க."

"சாக்கடையை யாராவது தெறந்து பாப்பாங்களா?"

அவள் கிளம்பிப் போனதும் அதிசயம் நடந்தது. தினமும் ஈ மொய்ப்பது போல மொய்க்கும் மெயில் எல்லாம் சட்டென்று நின்றுவிட்டது. பிரிண்டர் ஓடவில்லை என்ற புகார் இல்லை, நாற்காலி உடைந்த புலம்பல் இல்லை. மேலாளர் நாற்காலியில் சாய்ந்து ஒரு சுற்று சுற்றினார்.

"ஒரே நாள்ல ஆபீஸே திருந்திருச்சு!"

மதியத்துக்கு மேல் கணக்குப் பிரிவுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். கண்ணிரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"சார், லீவு… நீங்க சொன்ன மாதிரியே எழுதிப் போட்டேனே."

"வரலையே."

"ரெண்டு தடவை போட்டேன் சார்."

"காய்ச்சல் வேகத்துல வேற எவனுக்காவது அனுப்பியிருப்ப. போ, இன்னும் கொஞ்சம் மரியாதையா எழுது."

சாயங்காலம் மனைவி போன் செய்தாள். "என்னங்க, வந்துச்சா?"

"வரும், வரும்."

"இதையேதான் காலையிலேருந்து சொல்றீங்க. எங்க அண்ணன்கிட்ட நேத்தே சொல்லிட்டேன், அண்ணி ஊர் பூரா சொல்லிட்டாங்க. நீங்களே ஒரு வரி எழுதிக் கேட்டா என்ன?"

"நாமளா போய்க் கேட்டா அது மரியாதையா இருக்காதுடி."

விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பும்வரை எதுவும் வரவில்லை.

மறுநாள் காலை ஒரே ஒரு மெயில் வந்திருந்தது. முதலாளி அனுப்பியது. மேலாளர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, எழுந்து நின்று படித்தார்.

'மூன்று முறை மரியாதையாக எழுதிப் பார்த்தேன். பதில் போடக்கூட உனக்கு மனசு வரவில்லை. இந்தத் திமிருக்குப் பதவி ஒரு கேடா? வேறு ஆளைப் போட்டாயிற்று. நீ வரவேண்டாம்.'

வாழ்க்கையில் முதல்முறையாக, மரியாதையில்லாத ஒரு கடிதத்தை அவர் கடைசி வரி வரைக்கும் படித்தார்.

அவர் போட்ட கூச்சலில் விற்பனைப் பெண் அலறியடித்து ஓடிவந்து அந்தத் தனிப் பெட்டியைத் திறந்தாள். கணக்குப் பிரிவுக்காரரின் லீவு கடிதங்களுக்கு நடுவே முதலாளியின் மூன்று மெயிலும் பத்திரமாக இருந்தன.

'மேலாளர் அவர்கள், வாழ்த்துகள்!'

'தாங்கள் இன்னும் பதில் எழுதவில்லையே?'

'உங்கள் சம்மதம் இன்றைக்குள் வேண்டும்.'

ஒவ்வொரு வரியிலும், பிடிபட்ட சொல்லின் வால் மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பாத்தீங்களா சார், ஒரு 'கள்' கூடத் தப்பல!"