ஏட்டி

ராஜபாண்டி மரத்தில் மூன்று தட்டு தட்டிவிட்டு, காட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டான்.

நேருக்கு நேர் பார்த்தால் அது வராதாம். கூச்ச சுபாவமாம்.

உடம்பெல்லாம் மயிரும் முறம் மாதிரிப் பாதமுமாக ஒன்று, பனிமலையை விட்டு இறங்கி வந்து போரிவலி காட்டில் குடியிருக்கிறது என்பது அவனுடைய கண்டுபிடிப்பு. தாராவியில் பெல்ட்டுக்குப் பக்கிள் அடிக்கிறவனுக்கு இதையெல்லாம் யார் சொன்னது என்று கேட்கக் கூடாது. செல்போன் சொன்னது.

வெளிநாட்டில் அதற்குப் பெயர் பிக்ஃபுட். நம் பக்கம் யெட்டி. ஆனால் நாங்குநேரிக்காரன் வாயில் யெட்டி எங்கே வரும்? ஏட்டி என்றுதான் வரும். வீட்டில் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற அதே ஏட்டி.

ஏட்டி, தண்ணி. ஏட்டி, பனியன எங்க வச்ச. ஏட்டி, செத்தா போயிட்ட?

கலைச்செல்வி என்ற பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்தது.

அந்தக் கலைச்செல்வி இப்போது கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு பாறைக்குப் பின்னால், இலையில் வைத்த கருப்பட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெண் வாடை இருந்தால் அது நம்பி வருமாம். சிறுத்தை உலாவுகிற காடு இது. சிறுத்தைக்கு என்ன வாடை பிடிக்கும் என்பதைப் பற்றி அவன் எதுவும் கண்டுபிடித்திருக்கவில்லை.

சோப்பு வாசனை அதற்கு ஆகாது என்று வெள்ளிக்கிழமையிலிருந்து அவன் குளிக்கவில்லை. அதில் ஒரு லாபம், மாகிமிலிருந்து போரிவலி வரை லோக்கல் ரயிலில் இரண்டு பேருக்கும் தாராளமாக இடம் கிடைத்தது.

போன வாரம் கருப்பட்டியைக் குரங்கு தின்றுவிட்டுப் போனது. அது ஏட்டி அனுப்பிய வேவுகாரன் என்று வீடியோவில் அடித்துச் சொன்னான். பதினாலு பேர் பார்த்ததாகக் காட்டியது. அதில் நாலு தடவை பார்த்தது அவன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் கூத்து. "ஏ...ட்டி" என்று அவன் இழுத்துக் கூப்பிட்டதும், கலைச்செல்வி பழக்க தோஷத்தில் "என்னங்க" என்று எழுந்து வந்துவிட்டாள். ரெக்கார்டிங் நாசம். திரும்பிப் போகும் வழி முழுக்கத் திட்டு வாங்கினாள். அதற்குப் பிறகு ஆறு ஞாயிறு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

இன்று ரயிலிலேயே சொல்லிவிட்டான்.

"இன்னைக்கும் பதில் வரலன்னா கதை கத்தம். இனிமே இந்தக் காட்டுப் பக்கமே வரப்போறதில்ல."

பக்கத்து வீட்டு அகிலாண்டம் கேட்டால், விட்டது சனியன் என்பாள். கலைச்செல்வியும் அப்படித்தான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவளுக்குக் கட்டிக்கொண்டு வந்த இட்லியைப் பிரிக்கவே மனசு வரவில்லை.

ராஜபாண்டி மறுபடி மூன்று தட்டு தட்டினான். காட்டில் அது இருந்தால் அதுவும் மூன்று தட்டு தட்டிப் பதில் சொல்லுமாம்.

காது கொடுத்துக் கேட்டான். ஒரு மைனா மட்டும் கத்திவிட்டுப் போனது.

செல்போனை அணைக்கப் போனவன், கடைசியாக ஒரு தடவை கூப்பிட்டான். இந்தக் குரல் அவனுக்கு எங்கிருந்துதான் வந்ததோ! கோயிலில் அம்மன் முன்னால் நின்றுகூட அவன் இப்படிக் குழைந்ததில்லை.

"ஏ...ட்டி. பயப்படாதட்டி. நான் ஒண்ணுஞ் செய்ய மாட்டேன். உனக்காவத்தான இம்புட்டுத் தூரம் வந்து நிக்கேன்."

கலைச்செல்விக்கு இருபத்திரண்டு வருஷமாக அதே சொல்தான். அதே வாய்தான்.

காலடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கல் கிடந்தது. எடுத்தாள். வளையல் சத்தம் போடாமல் முழங்கை வரை ஏற்றிக்கொண்டு, பக்கத்து மரத்தில் மூன்று தட்டு தட்டினாள்.

ராஜபாண்டி ஆடிப்போனான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் போய்விடுமே. பாறைக்குப் பின்னால் ஒருத்தியை உட்கார வைத்திருக்கிறோம் என்பது அவன் நினைவிலேயே இல்லை.

"ஏட்டி" என்றான் ரகசியமாக. "இருக்கியா?"

இருக்கிறேன் என்று கலைச்செல்வி மறுபடி மூன்று தட்டு தட்டினாள்.