அச்சாகாத கடிதம்

“கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போட்டா தானாவே பிரிண்டரைத் தேடிப் பிடிச்சுக்கும்னு பீத்திக்கிட்டீங்களே?” என்றாள் மனைவி, எட்டு மாத வயிற்றோடு சோபாவில் சாய்ந்தபடி.

“பிடிச்சிருச்சே! பாரு, அச்சாகி முடிஞ்சதுன்னு காட்டுது.”

மறுபடி அழுத்தினான். கேபிளைப் பிடுங்கிச் செருகிவிட்டு, மறுபடி அழுத்தினான். மேஜைமேல் இருந்த பிரிண்டர் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

“எதுக்கு இந்தப் பாடு? நேர்ல போய்க் கேட்டா என்ன?”

“ஓனரம்மா முகத்தைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்குது. எழுதிக் கொடுத்துட்டு ஓடி வந்துடுவேன்.”

வாசல் மணி அடித்தது. “நீ ஒரு தடவை அழுத்திப் பாரு” என்று எழுந்துபோய்க் கதவைத் திறந்தான். மாடியிலிருந்து வீட்டு ஓனரம்மா இறங்கி வந்திருந்தார், கையில் ஒரு கத்தைக் காகிதத்தோடு.

“உங்க கம்ப்யூட்டர் என் பிரிண்டரைப் பிடிச்சிருக்குப்பா. ரெண்டு வீட்டுக்கும் ஒரே வைஃபைதானே! அரை மணி நேரமா மூச்சுவிடாம கக்குது.”

எல்லாம் ஒரே கடிதம். ‘இந்த மாதமே காலிசெய்யச் சொல்லிவிட்டீர்கள். மனைவிக்குப் பிரசவம் ஆகும்வரையாவது தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள்.’

“முதல் கடிதத்தைப் படிச்சப்போ முடியாதுன்னுதான் நினைச்சேன். ஒரு மனுஷன் பதினோரு தடவை கேட்டா எப்படிப்பா மறுக்கிறது? குழந்தை பிறந்து நடக்க ஆரம்பிக்கட்டும். அப்புறம் பேசிக்கலாம்.”

அவன் வாயைத் திறப்பதற்குள் மாடியில் கடகடவென்று சத்தம் கேட்டது.

“பன்னிரண்டு” என்றார் ஓனரம்மா.