பின்னங்கால் ஓட்டு

அந்தக் காட்டு முயல்கள் பின்னங்காலைத் தரையில் தட்டித்தான் ஓட்டுப் போடும். ஒவ்வொரு தேர்தலிலும் தன் பேர் வாசிக்கும்போது நரி, "ஐயோ, பருந்து!" என்று அலறும். பயந்தால் முயலுக்குக் கால் தானாகத் தட்டும். நரியே தலைவராகும்.

"நல்லா யோசிச்சுத்தான் போட்டேன்" என்று ஒவ்வொரு முயலும் பிறகு பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்.

இந்தத் தடவை குறுவால் என்ற பெண் முயல் எழுந்தது.

"நரியண்ணன் வேண்டாம்னு நினைக்கிறவங்க தட்டுங்க. வேணும்கிறவங்க சும்மா இருங்க."

"எப்படி வச்சாலும் ஜெயிக்கப்போறது நான்தானே, தங்கச்சி!" என்று நரி சிரித்தது.

பேர் வாசித்தார்கள். பழக்கதோஷத்தில் நரி, "ஐயோ, பருந்து!" என்று அலறியது.

தடதடவென்று காடே அதிர்ந்தது.

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு ஓட, முயல்கள் துள்ளிக் குதித்தன.

"நல்லா யோசிச்சுத்தான் போட்டோம்!"