கிட்டே வரும் கோழி

லொன்ச்சோ முற்றத்தில் கால் வைத்ததும் என் கோழிகள் எல்லாம் ஆப்பிள் மரத்தில் ஏறிக்கொண்டன.

கோழியா குரங்கா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் எங்கள் பாஸ்க் மலைநாட்டுக் கோழி வளர்ப்போர் சங்கத்திலிருந்து வருகிறவர். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வந்து, அந்த வருஷத்து இளங்கோழிகளைப் பார்த்து, தேறியவற்றின் காலில் சங்கத்து வளையத்தை மாட்டிவிட்டுப் போவார். வளையம் ஏறினால்தான் அது பாஸ்க் கோழி. இல்லாவிட்டால் அது வெறும் கோழி.

நிறத்தில் என் கோழிகளைக் குறை சொல்ல ஆள் கிடையாது. பொன்னிறம், அதில் வரி வரியாக வெளுப்பு. கொண்டை சிவப்பு, கால் மஞ்சள், எடை கச்சிதம். எந்தச் சேவலை எந்தப் பெட்டையோடு விடுவது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்ட நேரத்தில் ஒரு பிள்ளையைப் பெற்று வக்கீலாக்கியிருக்கலாம்.

ஆனால் இந்த இனத்துக்குப் பேரே குணத்தில்தான். ஆளைக் கண்டால் ஓடிவர வேண்டும். தோட்டத்தில் கொத்தும்போது மண்வெட்டிக்குக் குறுக்கே நின்று உயிரை வாங்க வேண்டும். பள்ளத்தாக்கில் மற்ற வீடுகளில் எல்லாம் அப்படித்தான் திரிகின்றன. என் வீட்டில் மட்டும் வருஷத்துக்கு வருஷம் மோசம்.

நான் என்னதான் செய்யவில்லை?

குஞ்சிலிருந்தே கையில் தீனி கொடுத்தேன். மக்காச்சோளத்தை உள்ளங்கையில் வைத்துக் குந்தியிருந்து குந்தியிருந்து இடுப்பு போனதுதான் மிச்சம். மனுஷக் குரல் பழகட்டும் என்று கூட்டுக்குள் ரேடியோ வைத்தேன். கால்பந்து வர்ணனையைக் கழுத்தைச் சாய்த்துக் கேட்டன, நான் கதவைத் திறந்தால் சுவரில் மோதின. நாய்மேல் பழி போட்டேன். பருந்துமேல் போட்டேன். என் வீட்டுக்காரர் எர்ரமுன் ஊரே அதிரத் தும்முகிறாரே, அந்தத் தும்மல்மேலும் போட்டேன்.

போன வருஷமே லொன்ச்சோ சொல்லிவிட்டார். அடுத்த முறையும் இப்படியே இருந்தால் எங்கள் வீட்டைச் சங்கம் கைகழுவிவிடும். ஜோடி சேர்க்க வேறு வீட்டுச் சேவல்கூட எனக்குக் கிடைக்காது.

இந்த முறை மட்டும் என்னிடம் ஒன்று இருந்தது. வசந்தத்தில் பொரித்த ஒரு பெட்டை. அந்தக் கூட்டத்தில் எப்படிப் பிறந்ததோ, தானாக வந்து மடியில் ஏறும். காலணிக் கயிற்றைக் கொத்தி அவிழ்க்கும். துணி உலர்த்தப் போனால் கூடவே வந்து கூடையில் உட்காரும். இந்த ஒன்றை வைத்தே குணத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவேன் என்று போனில் லொன்ச்சோவிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். அதற்காகத்தான் மனுஷன் இந்தத் தூறலில் மலையேறி வந்திருந்தார்.

"கார்பிஞே, எங்க அந்தச் சமத்துப் பொண்ணு?" என்று என்னைக் கேட்டார்.

கூப்பிட்டேன். சோள டப்பாவைக் குலுக்கினேன். கூட்டுக்குள் குனிந்து பார்த்தேன், வண்டிக்கு அடியில் பார்த்தேன். மரத்தில் இருந்தவை இன்னொரு கிளை மேலே போயின. எனக்கு அழுகை முட்டியது. இப்போது இதுவும் ஓடிப்போகக் கற்றுக்கொண்டுவிட்டதா என்று ஆத்திரமாகவும் வந்தது.

அப்போதுதான் எர்ரமுன் காலிக் கூடையோடு பக்கத்து வீட்டுப் பாதையில் இறங்கி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

பக்கத்து வீட்டு நஹியா காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு வந்திருக்கிறாள். பச்சை உடம்புக்காரிக்குச் சூப்பு வைக்க முதல் கோழி அடுத்த வீட்டிலிருந்துதான் போக வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். எங்களுக்கு முன்னால் வேறு யாராவது கொண்டுபோய்விட்டால் அப்புறம் இந்த மலையில் தலை நிமிர முடியாது. அந்த மானத்தை இவர் காப்பாற்றிவிட்டார். தானே அறுத்து, தானே இறகு பிடுங்கி, அடுப்பில் பானை ஏறுகிறவரை நின்று பார்த்துவிட்டு வருகிறார். குழந்தைக்கு அப்படியே அதன் தாத்தாவின் காதாம். லொன்ச்சோவின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இத்தனையும் சொன்னார்.

நான் அவர் கையிலிருந்த காலிக் கூடையைப் பார்த்தேன்.

"எதப் பிடிச்ச?" என்றேன்.

"கோவிக்காத. வளையம் போட்டத நான் தொடுவேனா? சின்னதுலதான் ஒண்ணு. இந்த முட்டிய வச்சிக்கிட்டு எதப் போய்த் துரத்துறது? எது தானா கிட்ட வந்துச்சோ அதத் தூக்கிக்கிட்டேன். எப்பவும் அப்படித்தான பிடிக்கிறேன்."

லொன்ச்சோ என்னைப் பார்க்கவில்லை. தன் பையில் இருந்த வளையங்களை எதற்கோ தடவிக்கொண்டிருந்தார்.

எப்பவும். ஊர்த் திருவிழாவுக்கு, என் தங்கை பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கு, நான் காய்ச்சலில் கிடந்த மாதத்துக்கு. கோடையில் ஆரம்பித்து லொன்ச்சோ வளையம் மாட்ட வருகிறவரைக்கும், இளசுகளில் கிட்டே வந்ததைத்தான் பிடித்திருக்கிறார். மிச்சம் இருப்பதில்தான் நான் கொண்டை பார்த்து, கால் பார்த்து, எடை போட்டு ஜோடி சேர்த்திருக்கிறேன். அந்தச் சூப்பையெல்லாம் நானும்தான் குடித்தேன், நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் முறை வாங்கிக் குடித்தேன்.

யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. மழையில் நிற்காதீர்கள், உள்ளே வாருங்கள் என்று எர்ரமுன் லொன்ச்சோவை அழைத்துக்கொண்டிருந்தார்.

நான் மரத்தைப் பார்த்தேன். மேலே இருந்தவை அத்தனையும், மனுஷனிடம் வராததால் பிழைத்த தாய்க்கோழிகளுக்குப் பிறந்தவை.