படத்தில் இல்லாதவன்

நவம்பர் 9, சனி. நேற்று ஒரு பிழை விட்டேன். உம்மாவிடம் "காக்கா குதிக்கக்குள்ள" என்று சொல்லிவிட்டு, அவசரமாக "மத்த ஆக்கள் குதிக்கக்குள்ள" என்று திருத்தினேன். உம்மா கவனித்தாரோ தெரியவில்லை. இனி யோசித்துத்தான் வாய் திறக்க வேண்டும்.

"மகள், இன்னும் படம் போடல்லயா?"

குசினியிலிருந்து உம்மாவின் குரல் வந்ததும் ஆதிலா நாட்குறிப்புக் கொப்பியை மூடினாள். சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்த போனில், வான்குதிப்புப் போட்டியின் நேரலையில், துபாய் வானம் வெறுமையாகத் தெரிந்தது.

"இல்லும்மா. குதிச்சிட்டாங்களாம். படம் இனித்தான்."

அவள் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் அப்ராஸ் அங்கே ஒரு வான்குதிப்புக் குழுவின் படப்பிடிப்பாளன். நாலு பேர் விமானத்திலிருந்து குதித்து, விழுகிற போதே ஒருவரையொருவர் பிடித்து உருவங்கள் அமைப்பார்கள். ஹெல்மட்டில் கெமராவைக் கட்டிக்கொண்டு ஐந்தாவது ஆளாக அவர்களோடு விழுந்து படம் எடுப்பவன் அப்ராஸ். ஆனால் இலங்கையில், சாய்ந்தமருதில் இந்த வீட்டுக்குச் சொல்லியிருப்பது வேறு. அவன் விமானத்துக்குள்ளேயே பெல்ட் போட்டு இருந்து, கதவு வழியாகப் படம் எடுக்கிறானாம். உண்மை தெரிந்தால் உம்மா அவனை அடுத்த விமானத்திலேயே வீட்டுக்கு இழுத்துவிடுவார் என்று காக்காவும் தங்கையும் சேர்ந்து கட்டிய கதை அது.

உம்மா வந்து பக்கத்தில் இருந்தார். கையில் பாதி செதில் உரித்த மீன்.

"ஏன் புள்ள இவ்வளவு சுணக்கம்?"

"கீழ இறங்கி, கெமராவக் குடுத்து, மறுகாதான் நடுவர்மார் பாப்பாங்க."

"அவங்களும் மேல போய்ப் பாத்தா என்ன?"

"மேல போய் என்ன செய்யிற? படத்துல தெரியிறதுக்குத்தான் புள்ளி. முப்பத்தஞ்சு செக்கனுக்குள்ள எத்தின உருவம் சரியாச் செஞ்சாங்களோ அத்தின புள்ளி. ஒரு கை பிடிக்காம விட்டாலும் அந்த உருவம் பிழை. படத்துல மறைஞ்சாலும் புள்ளி இல்ல."

போட்டியின் விதிப் புத்தகம் முழுவதையும் மாலை ஆங்கில வகுப்பின் வாசிப்புப் பயிற்சியாக அவள் வாசித்திருந்தாள். சரியாகத்தான் சொல்கிறோமா என்ற சந்தேகம் மட்டும் போகவில்லை.

"அப்ப படம் எடுக்கிறவனுக்குப் புள்ளி?"

"அவருக்கு ஒண்டும் இல்ல. ஆனா அவர் கை காலை ஆட்டிக் கோணலா எடுத்தா நாலு பேருக்கும் போச்சு."

"கை காலை ஏன் ஆட்டுறான்? பெல்ட் போட்டுத்தானே இரிக்கான்?"

ஆதிலா அவசரமாகச் சமாளித்தாள். "ஓம், பெல்ட் போட்டுத்தான். விமானம் ஆடுந்தானே, அதச் சொன்னன்."

"ஆடும், ஆடும்" என்றார் உம்மா.

மீன் கையிலேயே இருந்தது. உம்மாவின் உதடுகள் மெல்ல எதையோ ஓதின. காலையிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் இதே நடப்புத்தான். வெறும் வானத்தைப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். படம் தொடங்கியதும் எழும்பிப் போய்விடுவார். எத்தனை தரம் விளக்கியும் ஆட்டம் எங்கே தொடங்குகிறது என்பதே உம்மாவுக்கு விளங்கவில்லை. தான் விளக்கிய விதம்தான் பிழையோ என்று ஆதிலா யோசித்தாள்.

திரை மாறியது. விமானத்தின் கதவு, அதன் விளிம்பைப் பிடித்து நெருங்கி நிற்கும் நாலு பேர். அடுத்த கணம் நாலு பேரும் காற்றில். விமானம் மேலே சின்னதாகிப் போனது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று உம்மா எழும்பினார்.

"இப்பதானும்மா ஆட்டமே தொடங்குது."

"நீ எண்ணு. எனக்கு மீன் கெடக்கு."

ஆதிலா தனியே எண்ணினாள். நட்சத்திரம் போல ஒன்று, பிரிந்தார்கள், சோடி சோடியாய் ஒன்று. ஓரிடத்தில் ஒருவனின் கை மற்றவனின் காலைத் தொடாமலே நழுவியது. அந்த உருவம் போச்சு. மீதி எல்லாம் சுத்தம். படம் ஒருதரமும் ஆடவில்லை. புள்ளி விழுந்ததும் அவள் குசினிக்கு ஓடினாள்.

"உம்மா, மூண்டாமிடம். காக்காட குழுவுக்கு மூண்டாமிடம்."

"நல்லம். நான்தான் முன்னமே அல்ஹம்துலில்லாஹ் சொல்லிட்டனே."

"அது படம் தொடங்கக்குள்ள சொன்ன. அப்ப புள்ளியே வரல்லயே."

உம்மா மீனைக் கழுவி, மஞ்சள் பூசி வைத்தார்.

"புள்ளிக்கு ஆரு புள்ள சொன்ன? கெமரா கட்டின தல நிலத்துக்கு வந்தாத்தானே படம் வரும்."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆதிலா குழாயை மூடினாள்.

"காக்கா விமானத்துக்குள்ளதானே உம்மா..."

"உள்ளுக்கு இரிக்கிறவனுக்கு விமானம் எப்பிடி மேல போய்ச் சின்னதாத் தெரியும்?"

அந்தப் பக்கத்தை அவள் யோசித்ததே இல்லை.

"எப்ப இருந்து தெரியும்?"

"மொதப் படத்துல இருந்து."

"ஏன் ஒண்டும் கதைக்கல்ல?"

"கதைச்சா எனக்குப் பயந்து அவன்ட கை நடுங்கும். கோணலா எடுத்தா நாலு பேருக்கும் போச்சு எண்டு நீதானே சொன்ன." உம்மா அடுப்பைப் பற்ற வைத்தார். "உங்கட வாப்பாக்கு மட்டும் தெரியப்படாது. மீன் பிடிக்க நடுக்கடலுக்கெல்லாம் போவார், ஆனா இதத் தாங்க மாட்டார்."

ஆதிலா கொப்பியைத் திறந்து அன்றைய பக்கத்தின் கீழே எழுதினாள்:

நாளைய வேலை: வாப்பா கடலிலிருந்து வந்ததும், காக்கா விமானத்துக்குள் இருந்துதான் படம் எடுத்தார் என்று நான் சொல்ல வேண்டும். பெல்ட்டைப் பற்றி உம்மா சொல்வார்.